விறகு பிளக்கும் கரண்ட் மெஷினுக்கு சிங்கிள் பேஸ் போதுமா, த்ரீ பேஸ் வேண்டுமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் விறகுத் தொட்டி (விறகுக் கடை) வைத்திருக்கிறீர்கள். பிரியாணிக் கடைகளுக்குப் புளியங்கட்டையும் வேலிக்காத்தானும் பிளந்து கொடுக்க 3 எச்பி ஹைட்ராலிக் மெஷின் வாங்கப் போகிறீர்கள். வீட்டு மீட்டரிலிருந்து 30 மீட்டர் தள்ளி, பின்பக்கக் கொட்டகையில் வைக்கப் போகிறீர்கள். விற்பவர் ‘15 ஆம்ப்ஸ் பிளக்கே போதும்’ என்கிறார், இதுதானே கேள்வி? போதாது. த்ரீ பேஸ் வாங்குங்கள்.

நான் தண்டையார்பேட்டையில் வயரிங், மோட்டார் வைண்டிங் வேலை செய்கிறேன். என் மாமா கொருக்குப்பேட்டையில் தொட்டி வைத்திருந்தார். அவரும் இதே மாதிரி 3 எச்பி சிங்கிள் பேஸ் மெஷின்தான் வாங்கினார். காலையில் நன்றாக ஓடும். ஒரு மே மாதம், இரவு எட்டு மணிக்கு அவசர ஆர்டர். தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறதே தவிர வேகம் எடுக்கவில்லை. மாமா விடாமல் மூன்று நான்கு தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். அப்புறம் கருகல் வாடை. “காலையில ஜம்முனு ஓடுச்சே மாப்ள” என்று மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 230 வர வேண்டிய இடத்தில் 188 வோல்ட்தான். மோட்டாரைக் கழற்றினால் ரன்னிங் காயில் அப்படியே இருக்கிறது, ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கரிக்கட்டை.

சிங்கிள் பேஸ் மோட்டார் தானாகச் சுழல ஆரம்பிக்காது. கண்டென்சரோடு சேர்ந்த ஸ்டார்ட்டிங் காயில்தான் அதைத் தள்ளிவிடும். முழு வேகத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி வந்ததும் உள்ளே இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் அந்தக் காயிலைத் துண்டித்துவிடும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அந்த வேகத்துக்கு வராது, சுவிட்சும் பிரியாது. ஓரிரு நொடிக்கென்று சுற்றிய மெல்லிய காயிலில் கரண்ட் நிற்காமல் பாயும். மாமா மோட்டாருக்கு நடந்தது இதுதான்.

இப்போது உங்கள் கணக்கு. 3 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 15 ஆம்ப்ஸ் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 75 ஆம்ப்ஸ். 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) காப்பர் வயரில் 30 மீட்டர் போய்த் திரும்பினால் அந்த ஒரு நொடியில் வயரில் மட்டும் 33 வோல்ட் காணாமல் போகும். தெருவிலிருந்து வரும் குறைவு தனி. வோல்டேஜ் பாதியானால் மோட்டாரின் முறுக்குவிசை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரவு எட்டு மணிக்குக் கொட்டகைப் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெந்நீர் போடும் 1,500 வாட்ஸ் ராடை அதே லைனில் போடுங்கள் (வாளித் தண்ணீருக்குள் ராடு மூழ்கிய பிறகே சுவிட்ச்). அது எடுப்பது ஆறரை ஆம்ப்ஸ்தான். அதற்கே 3 வோல்ட் இறங்கினால், மோட்டார் கிளம்பும்போது 35 வோல்ட் போல இறங்கும். 6 வோல்ட் இறங்கினால் அந்த லைனில் இந்த மெஷினை மறந்துவிடுங்கள்.

அதே 3 எச்பி த்ரீ பேஸில் 5 ஆம்ப்ஸ் சுற்றித்தான் எடுக்கும். கிளம்பும்போது 30. அதே 2.5 ஸ்கொயர் வயரில் 415 வோல்ட்டுக்கு 12 வோல்ட்தான் குறையும். கண்டென்சர், சென்ட்ரிபியூகல் சுவிட்ச் எதுவும் கிடையாது. நாள் முழுக்கக் கட்டை பிளக்கிற தொழிலுக்கு இதுதான் தாங்கும்.

இன்னொரு விஷயம். நீங்கள் சொல்வது வீட்டு இணைப்பு. அதில் வியாபாரத்துக்கு மெஷின் ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் வரும், உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்படியும் தொழிலுக்குத் தனி இணைப்பு வாங்கத்தான் வேண்டும், அதை த்ரீ பேஸாகவே கேளுங்கள்.

ஆன்லைனில் 2,200 வாட்ஸ் என்று வரும் சின்ன மெஷின்களில் பலவற்றின் பிளேட்டில் ‘எஸ்6 40%’ என்று இருக்கும். பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் பாரத்தோடு ஓடலாம் என்று அர்த்தம். தோட்டத்து வீட்டுக்குச் சரி, தொட்டிக்கு ஆகாது. த்ரீ பேஸ் வரும்வரை ஒரு சிங்கிள் பேஸ் மெஷின் வேண்டுமென்றால் 2 எச்பிக்கு மேல் போகாதீர்கள். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் வயர் இழுத்து, சி டைப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) போடுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியின் கரண்டை அது தாங்கும். பி டைப் போட்டால் கிளம்பும்போதே விழும் வாய்ப்பு அதிகம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடாதீர்கள், ஓடட்டும்.

த்ரீ பேஸ் போட்டால் டிஓஎல் ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேராக லைனில் போடும் பெட்டி) ஓவர்லோட் ரிலேயை, அதாவது பாரம் மீறினால் மோட்டாரை நிறுத்தும் பாகத்தை, மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்ப்ஸுக்குத் திருப்பி வையுங்கள். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் ப்ரிவென்டரும் கட்டாயம். அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் பாரத்தை இழுத்துக் காயிலைக் கருக்கிவிடும். 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் அந்தக் கொட்டகையில் யாரையும் வேலை செய்ய விடாதீர்கள். ஈரமண்ணில், பச்சைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் அவர்கள். நம் பக்கம் உப்புக்காற்று, எர்த் பைப்பின் கிளாம்ப் சீக்கிரம் அரித்துவிடும். வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

போர்டை இடுப்பு உயரத்தில் வைக்காதீர்கள். 2015-லும் 2023-லும் டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று உங்கள் வீட்டுச் சுவரே சொல்லும், அதற்கு மேலே வையுங்கள். அப்புறம், கம்பத்தில் ஈபி வேலை நடந்த பிறகு முதல் தடவை போடும்போது மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து உடனே நிறுத்துங்கள். பேஸ் இடம் மாறியிருந்தால் தலைகீழாகச் சுற்றும். கியர் பம்ப் ஆயிலை இழுக்காமல் வறட்சியாக ஓடி, சீல் போய்விடும். ஸ்டார்ட்டரில் மூன்று பேஸ் வயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும், மெயினை அணைத்த பிறகு.