சிங்கப்பூர் டார்மிட்டரியில் ஃப்ளூ பரவும்போது என்ன செய்யலாம்?

ஒரே அறையில் பலர் தங்கும் டார்மிட்டரியில் ஃப்ளூ வந்தால் எப்படித் தப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முழுவதும் தப்பிப்பது கடினம். காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்றிவிடும். அதனால் தடுப்பூசிதான் முதல் வேலை. அது பலன் தர சுமார் 2 வாரம் ஆகும் என்பதால், அறையில் நாலு பேர் காய்ச்சலில் படுத்தபிறகு போடலாம் என்று காத்திருக்காதீர்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால், சம்பளம் போகுமே என்று மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகவே போகாதீர்கள். கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்குங்கள். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு, அதைக் கேட்பது உங்கள் உரிமை. ஒசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அது தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக் ஃப்ளூவுக்கு உதவாது.

இன்னொன்று, இங்கே டெங்குவும் உண்டு. டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

அப்புறம் மாஸ்க், கைகழுவுதல், ஜன்னலைத் திறந்து வைப்பது எல்லாம் தெரிந்ததுதான். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு இருந்தால் சூப்பர்வைசரைத் தேடாமல் உடனே ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள்.