காஸ் பொம்மை செய்பவரா, ஓவியரா?

"காஸ் பொம்மை விற்பவர்தானே, அவரை ஏன் ஓவியர் என்கிறார்கள்?" என்று அமெரிக்கக் கலைஞர் காஸ் (KAWS) பற்றி எழும் கேள்விக்கு, அவர் தொடங்கிய இடத்திலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும்.

இயற்பெயர் பிரையன் டொனெல்லி. 1974இல் நியூஜெர்சியில் பிறந்தவர். சுவர்களில் கிராஃபிட்டி எழுதிக்கொண்டிருந்தவர், நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் முறையாகப் படித்து 1996இல் பட்டம் வாங்கினார். அப்புறம் அனிமேஷனுக்குப் பின்னணி தீட்டும் வேலை.

அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 1990களின் பேருந்து நிறுத்த வேலைதான். அங்கிருந்த ஃபேஷன் விளம்பரங்களைக் கழற்றி எடுத்துப்போவார். மாடல் அழகியின் மேல், கண்களில் பெருக்கல் குறி போட்ட ஒரு மண்டையோட்டு உருவத்தை வரைந்து, பழைய இடத்திலேயே மாட்டிவிடுவார். தூரிகைத் தடம் தெரியாத அளவு நேர்த்தி! விளம்பரத்தோடு பிறந்த உருவம் போலவே இருக்கும். அந்தக் கைத்திறனுக்குப் பயிற்சி பெற்ற ஓவியன்தான் வேண்டும்.

1999இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து வெளியிட்ட 'கம்பேனியன்' பொம்மைக்கும் அதே கண்கள்தான். பின்னாளில் அதுவே பிரமாண்டச் சிற்பமானது.

சரி, கலைச் சந்தை என்ன சொன்னது? 2019இல் ஹாங்காங் சோதபீஸ் ஏலத்தில் அவருடைய ஓர் ஓவியம் 1.4 கோடி டாலருக்கும் மேல் போனது. விலையைவிட அந்தப் பேருந்து நிறுத்தங்களே எனக்குப் பெரிய சான்று.