நடுத்தர வயதில் பல் சீரமைப்பு: எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி: நான் 43 வயது பள்ளி ஆசிரியை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை இல்லாத இடைவெளி ஒன்று, மேல் முன்பற்களுக்கு நடுவே இப்போது விழுந்திருக்கிறது. கீழ்ப்பற்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. எட்டு மாதத்தில் மகளுக்குத் திருமணம். அதற்குள் வெளியே தெரியாத அலைனர் (கழற்றி மாட்டக்கூடிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பல் உறை) போட்டுச் சரிசெய்ய முடியுமா? பிறகு பற்கள் பழைய இடத்துக்கே போய்விடுமா?

பதில்: பல் நகர்வதற்கு வயது ஒரு தடையல்ல. மிதமான விசை தொடர்ந்து அழுத்தும்போது வேரின் ஒரு பக்கத்து எலும்பு கரைவதும் மறுபக்கம் புது எலும்பு வளர்வதும் அறுபது வயதிலும் நடக்கக்கூடியவை. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது திருமணத் தேதி அல்ல, ‘ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை இல்லாத’ என்ற சொற்கள்தான். இந்த வயதில் புதிதாக விழும் இடைவெளிக்குப் பல நேரங்களில் ஈறு நோயே காரணமாக இருக்கிறது. எலும்பு தேய்ந்து பிடிமானம் குறைந்த பற்கள், நாக்கும் கீழ்ப்பற்களும் கொடுக்கும் அன்றாட அழுத்தத்துக்கே விலகிவிடுகின்றன. எனவே அலைனரா கிளிப்பா என்று முடிவெடுக்கும் முன், ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தை அளந்து (3 மி.மீ. வரை இயல்பு), எக்ஸ்ரேயில் எலும்பின் மட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். ஈறில் வீக்கமும் இரத்தக் கசிவும் இருக்கும்போதே பற்களை நகர்த்தினால், மிஞ்சியிருக்கும் எலும்பும் வேகமாகக் குறையும். சர்க்கரை நோய் இருந்தால் அதையும், எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் அதையும், பல்லுக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான் நகரும். ஈறு நலமாக இருந்து, முன்பற்களை மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதும் என்றால், எட்டு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் கிடைக்கலாம். கடியையும், அதாவது மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தையும், சேர்த்துச் சரிசெய்யப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். ஈறுக்கே முதலில் சிகிச்சை தேவைப்பட்டால், திருமணத்தை மறந்துவிட்டுத் திட்டமிடுவதே நல்லது என்பேன்.

அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடும்போது மட்டுமல்லாமல், இடைவேளையில் தேநீர் குடிக்கும்போதும் கழற்றி, வாய் கொப்பளித்து மீண்டும் மாட்ட வேண்டும். இந்த ஒழுங்கு முடியாதவர்களுக்குக் கழற்ற முடியாத கிளிப்பே மேல். முழுக்க வெளியே தெரியாது என்பதும் அவ்வளவு சரியல்ல, ஏனெனில் அலைனர் பிடித்துக்கொள்வதற்காகச் சில பற்களின் மேல் பல் நிறத்திலேயே சிறு மேடுகள் ஒட்டப்படும். முதல் சில நாட்களுக்கு ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சற்றுக் குழறும் என்பதால், வகுப்பெடுக்கும் நீங்கள் விடுமுறையில் தொடங்குவது வசதியாக இருக்கும்.

பெரியவர்கள் பலர் எதிர்பாராத ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற கீழ்ப்பற்கள் வரிசைக்கு வந்ததும், ஈறு ஓரத்தில் சிறு கறுப்பு முக்கோணங்களாக இடைவெளி தெரியக்கூடும். சிகிச்சை அவற்றை உண்டாக்கவில்லை. தேய்ந்த ஈறை இதுவரை நெருக்கம் மறைத்திருந்தது. பற்களின் பக்கங்களை மிக மெல்லிதாகத் தேய்த்து நெருக்கி வைத்தால் ஓரளவு குறையும், முழுவதும் மறையும் என்று உறுதி கூற முடியாது. அதேபோல் வளர்ச்சி முடிந்த தாடையின் அளவைக் கிளிப்போ அலைனரோ மாற்றாது, அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. கைப்பேசியில் யாரோ ஒருவரின் சிரிப்பைக் காட்டி ‘இப்படி வேண்டும்’ என்பவர்களைவிட, கண்ணாடியைப் பார்த்து ‘இந்தப் பல்தான் உறுத்துகிறது’ என்று தொட்டுக் காட்டுபவர்களே பெரும்பாலும் நிறைவோடு போகிறார்கள்.

பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்ப்பது உண்மைதான். உங்கள் இடைவெளிக்கு ஈறு நோய் காரணமாக இருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அதனால் முன்பற்களின் உட்புறத்தில் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடுவதும், இரவில் ரிடெய்னர் (பற்களை நகராமல் பிடித்துவைக்கும் கழற்றக்கூடிய கருவி) போட்டுக்கொள்வதும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியிருக்கும். அந்தக் கம்பியின் அடியில் பற்காரை சேராமல் பல்லிடுக்குத் தூரிகையால் தினமும் சுத்தம் செய்யுங்கள். மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஈறையும் காட்டிவிட்டு வாருங்கள்.