டெலிவரி வேன் ஏசி: கேஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க
(வாசகர் கேள்வி பதில்)

சரக்கு வேன் ஏசி பத்தி கேள்வி இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல நிறைய பேர் எழுதினது ஒரே கதைதான், "கேஸ் அடிச்சேன், திரும்பவும் போயிடுச்சு". அதனால அதையே முதல்ல எடுத்துக்கிறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, நிலக்கோட்டையில இருந்து தினமும் பூ ஏத்திட்டு மதுரை மாட்டுத்தாவணி போற வேன் என்னோடது. மார்ச் வந்தா கேஸ் அடிப்பேன், ரெண்டு மாசம் ஜில்லுனு இருக்கும், அப்புறம் வெறும் காத்துதான். மூணு வருஷமா இப்படியே ஓடுது. மெக்கானிக்கைக் கேட்டா "கேஸ் தீந்துடும்ப்பா, வருஷா வருஷம் அடிக்கணும்"ங்கிறார். நெசமாவா?

தம்பி, கேஸ் என்ன டீசலா, ஓட ஓட தீந்து போறதுக்கு? அது மூடின பைப்புக்குள்ளயே சுத்தி சுத்தி வர்ற சமாச்சாரம். குறைஞ்சிருக்குன்னா எங்கயோ வெளிய போயிருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். ரப்பர் ஹோஸ் வழியா கொஞ்சூண்டு கசியும், இல்லன்னு சொல்லல, ஆனா அது தெரிய வர பல வருஷம் ஆகும். ரெண்டு மாசத்துல காலின்னா ஓட்டை இருக்கு, அதை அடைக்காம மேல மேல கேஸ் ஊத்துறது ஓட்டைக் குடத்துல தண்ணி மொள்ளுற மாதிரி.

நீங்களே பாக்கலாம். காலையில வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டார்ச் எடுத்துக்கிட்டு ஏசி பைப் ஒவ்வொரு ஜாயின்ட்டா பாருங்க. கேஸ் கூடவே கம்ப்ரஸரோட (கேஸை அமுக்கித் தள்ளுற பம்ப்பு) ஆயிலும் சுத்துது, கேஸ் கசியற இடத்துல அந்த ஆயிலும் சேர்ந்து வெளிய வரும், அதுல ரோட்டுப் புழுதி ஒட்டி கருப்பா பிசுக்குன்னு ஒரு திட்டு இருக்கும். கண்டென்சர் (வண்டி முன்னாடி ரேடியேட்டர் மாதிரி இருக்கிற ஏசி பாகம்) முன்பக்கம் கல்லடி பட்ட இடம், பைப் ஜாயின்ட்டுல இருக்கிற ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம், கம்ப்ரஸர் மூக்கு, இதெல்லாம் வழக்கமான இடம். இன்னொண்ணு யாரும் பாக்க மாட்டாங்க, கேஸ் அடிக்கிற வாய்ல இருக்கிற பின் வால்வு, நம்ம டியூப்ல காத்து அடிக்கிற பின் மாதிரியே இருக்கும். அந்த மூடியைக் கழட்டிட்டு சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விடுங்க, முட்டை விட்டுச்சுன்னா உங்க மூணு வருஷக் கதைக்கு காரணம் அந்த சின்ன பின்னுதான். அதோட விலையைக் கேட்டா நீங்களே சிரிப்பீங்க.

அப்புறம் இந்த கேஜ், அதான் பிரஷர் பாக்கிற மீட்டர், அந்த விஷயம். இஞ்சின் ஆஃப்ல இருக்கிறப்போ கேஜ் மாட்டி "பாருங்க சார், கிட்டத்தட்ட 100 பிஎஸ்ஐ இருக்கு, கேஸ் ஃபுல்லு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. வண்டி ஏசியில இருக்கிற ஆர்-134ஏங்கிற கேஸ் 30 டிகிரி சூட்டுல சும்மா நின்னாலே கிட்டத்தட்ட அந்த அளவுதான் காட்டும், முழுசா இருந்தாலும் அதுதான், பாதி இருந்தாலும் அதுதான். வீட்டு சிலிண்டரை நினைச்சுப் பாருங்க, எவ்ளோ மிச்சம் இருக்குன்னு தூக்கிப் பாத்துத்தானே சொல்றோம். இங்கயும் எடைதான் கணக்கு. பானெட் அடியில ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கும், அந்த எடைக்கு தராசுல வச்சு அடிக்கச் சொல்லுங்க.

சரியான வரிசை என்னன்னா, முதல்ல நைட்ரஜன் ஏத்தி பிரஷர் இறங்குதான்னு கொஞ்ச நேரம் வச்சுப் பாக்கணும், ஓட்டையை சரி பண்ணணும், லைனைத் திறந்ததால டிரையரை (ஈரத்தை உறிஞ்சுற டப்பா) மாத்தணும், அப்புறம் அரை மணி நேரமாவது வாக்யூம் போடணும், அதாவது உள்ள இருக்கிற காத்தை பம்ப்பு வச்சு உறிஞ்சி எடுக்கணும், கடைசியாத்தான் கேஸ். வாக்யூம் போடாம அடிச்சா உள்ள இருக்கிற ஈரமும் காத்தும் அங்கயே தங்கி, ஆயிலோட சேர்ந்து ஆசிட் மாதிரி ஆகி கம்ப்ரஸரையே அரிச்சிடும். "பத்து நிமிஷத்துல முடிச்சுத் தரேன் தம்பி"ன்னு யாராவது சொன்னா டீ குடிச்சிட்டு வரேன்னு சொல்லி அப்படியே கிளம்பிடுங்க.

கேள்வி: கோயம்பேட்டுல காய் ஏத்தி கடைகளுக்குப் போடுறேன். வண்டி ஓடுறப்போ கூலிங் பிரமாதம். சிக்னல்ல நின்னா, இறக்க நின்னா, அஞ்சே நிமிஷத்துல அனல். கேஸ் கம்மியா சார்?

கேஸ் இல்ல சார். உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளுறதுதான் ஏசியோட வேலை, தள்ளுற இடம் முன்னாடி இருக்கிற கண்டென்சர். வண்டி ஓடுறப்போ எதிர்காத்து அந்த வேலையைப் பாத்துக்குது, நின்னா ஃபேன் பாக்கணும், உங்களுக்கு ஃபேன் பாக்கல. ஏசி போட்டுட்டு இறங்கி முன்னாடி போய் பாருங்க, ஃபேன் சுத்துதா, சுத்தினா வேகமா சுத்துதா இல்ல கோயில் யானை மாதிரி ஆடி அசைஞ்சு சுத்துதா. சுத்தலன்னா முதல்ல ஃபியூஸ், அப்புறம் ரிலே, அப்புறம்தான் மோட்டார். பக்கத்துல அதே மாதிரி ரிலே ஒண்ணு இருக்கும், ஹார்னுக்கு கூட அதே சைஸ் இருக்கும், நம்பர் ஒண்ணா இருந்தா ரெண்டையும் மாத்தி மாட்டிப் பாத்தா காசில்லாம தெரிஞ்சிடும்.

எனக்கே நடந்தது ஒண்ணு சொல்றேன். எங்க மச்சான் வண்டி இதே கம்ப்ளெய்ன்ட்தான், நான் பெரிய மனுஷன் மாதிரி கம்ப்ரஸர் வீக்குன்னு சொல்லி பெல்ட் வரைக்கும் கழட்டிட்டேன். கடைசியில பாத்தா ஃபேன் வயரை எலி கடிச்சு வச்சிருக்கு. இன்னைக்கும் பொங்கலுக்குப் போனா "என்ன மாப்ள, எலி சௌக்கியமா"ன்னுதான் கேக்குறாங்க.

ஃபேன் நல்லா சுத்துதுன்னா கண்டென்சர் அடைச்சிருக்கான்னு பாருங்க. மார்க்கெட் வண்டின்னா சொல்லவே வேணாம், வெங்காயத் தோலு, பூச்சி, சாக்கு நாரு எல்லாம் ஒட்டி கம்பளி போத்தின மாதிரி இருக்கும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற சந்துல இன்னும் மோசம், அது முன்னாடி நின்னு பாத்தா தெரியாது. ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு: நின்ன வண்டியில ஏசி ஓடுறப்போ ஒரு மக்கு தண்ணியை கண்டென்சர் மேல மெதுவா ஊத்துங்க, ஃபேன் மோட்டார்ல படாம. உள்ள உக்காந்திருக்கிறவர் "ஆஹா"ன்னு சொன்னா சூடு வெளிய போகாததுதான் பிரச்சனை, உறுதி. கழுவுறப்போ வாட்டர் சர்வீஸ் கன்னை கிட்ட வச்சு அடிச்சிடாதீங்க, அந்த மெல்லிசு தகடெல்லாம் படுத்துக்கும், அப்புறம் காத்தே போகாது. சாதா ஹோஸ் பைப் போதும்.

இந்தக் கம்ப்ளெய்ன்ட்டுக்கு மேல கேஸ் அடிச்சா இன்னும் மோசமாகும், ஹை சைடு, அதாவது கம்ப்ரஸர்ல இருந்து கண்டென்சருக்குப் போற பக்கத்து பிரஷர் எகிறி கம்ப்ரஸர் கட் ஆகும்.

கேள்வி: கோவையில வீட்டுல கேக் செஞ்சு வேன்ல டெலிவரி பண்றேன். ஏசி ஃபுல்லா வச்சாலும் பின்னாடி கிரீம் இளகிடுது. பெரிய கம்ப்ரஸர் மாத்தினா சரியாகுமாண்ணா?

மாத்தாதீங்கம்மா, காசு தண்டம். அந்த ஏசி முன்னாடி ரெண்டு பேருக்குன்னு கணக்குப் போட்டு வச்சது, பின்னாடி வெறும் தகரக் கொட்டாய். கூரை வெயில்ல தோசைக்கல்லு மாதிரி காயுது, சைடுல ஒரு பஞ்சு கூட கிடையாது, முன் சீட்டுக்கு அடியிலயே இஞ்சின் இருக்கிற வேனா இருந்தா கீழ இருந்தும் சூடு. கிரீம் கேக்குக்கு 5 டிகிரிக்குள்ள வேணும், மனுஷன் உக்கார்ற ஏசி 22, 24 கொடுத்தாலே பெருசு, அதை வச்சு இதை சாதிக்க முடியாது.

நான் சொல்றது, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல தடுப்பு போட்டுடுங்க, பிளைவுட்டோ கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டோ எதுவா இருந்தாலும் சரி, டிரைவர் பக்கம் உடனே ஜில்லுனு ஆகும். கேக்குக்கு நல்ல கனமான ஐஸ் பாக்ஸ் வாங்கி, ஜெல் பேக்கை முந்தின நாளே ஃப்ரீசர்ல வச்சு எடுங்க, கேக்கையும் ஃப்ரிட்ஜ்ல நல்லா கெட்டியாக்கிட்டு ஏத்துங்க. ஆர்டர் பெருகினதுக்கு அப்புறம் உள்ள சூடு புகாத பஃப் போர்டு அடிச்சு, சரக்குக்குன்னே தனி ரீஃபர் (குளிர்பதன) யூனிட் போடுறதை யோசிக்கலாம். ஏசியை ரீசர்க்குலேஷன்ல (உள்காத்தே திரும்பத் திரும்ப சுத்துற மாதிரி) வைக்கவும் மறக்காதீங்க, வெளிக்காத்தை இழுத்து இழுத்து குளிர வைக்கச் சொன்னா அதுவும்தான் என்ன பண்ணும்.

கேள்வி: ஓசூர்–சேலம் ரூட். முதல் முக்கால் மணி நேரம் நல்ல கூலிங், அப்புறம் நின்னுடும். ஆஃப் பண்ணி கால் மணி நேரம் கழிச்சு போட்டா திரும்ப வருது. ரெண்டு கடையில கம்ப்ரஸர் மாத்தணும்ங்கிறாங்க.

மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கவனிச்சு சொல்லுங்க. கூலிங் நிக்கிறப்போ காத்து வேகமும் குறையுதா, இல்ல காத்து அதே வேகத்துல சூடா வருதா?

காத்தே குறைஞ்சா டேஷ்போர்டுக்குள்ள கூலிங் காயில் ஐஸ் கட்டுது. பழைய ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் மாதிரி வெள்ளையா மூடிக்கும், காத்து நுழைய வழி இருக்காது, ஆஃப் பண்ணா உருகி கீழ தண்ணியா சொட்டும். காயில் ரொம்ப குளிர்ந்தா கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்ற சென்சார் கெட்டிருக்கலாம், காயில்ல குப்பை சேர்ந்திருக்கலாம், ப்ளோயர் வீக்கா இருக்கலாம், கேஸ் கொஞ்சம் குறைஞ்சிருந்தாலும் இப்படி ஆகும்.

காத்து நல்லா வந்து சூடா மட்டும் இருந்தா லைன்ல ஈரம் இருக்க வாய்ப்பு. கூலிங் காயிலுக்கு கேஸை அளந்து விடுற எக்ஸ்பான்ஷன் வால்வோட ஊசி ஓட்டையில அந்த ஈரம் உறைஞ்சு அடைச்சிடும், சூடானதும் உருகி வழி விடும். யாரோ வாக்யூம் போடாம கேஸ் அடிச்சதோட பலன் இது. டிரையர் மாத்தி, நல்லா வாக்யூம் போட்டு, எடை போட்டு அடிச்சா சரி. மூணாவது ஒண்ணும் இருக்கு, கம்ப்ரஸரை பெல்ட் புல்லியோட சேர்த்துப் பிடிக்கிற கிளட்ச், சூடாக சூடாக பிடிக்காம விட்டுடும், தேய்ஞ்சு கேப் அதிகமானா அப்படி ஆகும். நின்னதும் இறங்கிப் பாருங்க, புல்லியோட முன்தட்டு சுத்தாம நின்னா அதுதான். அந்த கேப்பை, உள்ள இருக்கிற ஷிம்மை (மெல்லிசு வாஷர்) எடுத்து குறைக்கலாம், முழு கம்ப்ரஸரை மாத்த வேண்டியதில்ல. மூணுல எதுன்னு தெரியாம கம்ப்ரஸர் மாத்தச் சொல்றவங்க உங்க பர்ஸை பாத்து பேசுறாங்க.

கேள்வி: தூத்துக்குடி. கேஜ் சரின்னாங்க, கம்ப்ரஸர் ஓடுது, பானெட் அடியில பைப் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு, ஆனா உள்ள வர்ற காத்து வெதுவெதுன்னு. பேய் புடிச்சிருக்கா?

பேய் இல்லண்ணே, ஹீட்டர். உங்க வேன்ல ஹீட்டர் இருந்தா, இஞ்சினோட சுடுதண்ணி டேஷ்போர்டுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்ட்டு வரும். அதை மூடுற வால்வோ கேபிளோ பாதியில சிக்கிக்கிச்சுன்னா ஏசி குளிர வைக்கும், ஹீட்டர் சூடாக்கும், ரெண்டும் உள்ளயே மல்லுக்கட்டும். தூத்துக்குடியில ஹீட்டரை யார் தொடப் போறா, வருஷக்கணக்கா ஆடாம கிடந்து துரு பிடிச்சிருக்கும். இஞ்சின் சூடானதும் அந்த ரெண்டு ஹோஸையும் கை சுடாம ஒரு துணி வச்சு தொட்டுப் பாருங்க, நாப் கூல்ல இருக்கிறப்போவும் ரெண்டும் கொதிச்சா வால்வு மூடல.

கேள்வி: ஒரு கடையில பாதி விலைக்கு "வேற கேஸ்" அடிச்சுத் தரேங்கிறாங்க, கூலிங்கும் நல்லா இருக்குமாம். அடிக்கலாமா?

என்ன கேஸ்னு கேளுங்க, சிலிண்டர்ல இருக்கிற பேரைக் காட்டச் சொல்லுங்க. சில இடத்துல எல்பிஜி மாதிரி தீப்பிடிக்கிற கேஸை அடிக்கிறாங்க. கூலிங் வரும், பொய் இல்ல. ஆனா கூலிங் காயில் இருக்கிறது உங்க முழங்காலுக்கு முன்னாடி, அது கசிஞ்சா ஜன்னல் மூடின கேபினுக்குள்ள கேஸ் நிக்கும், பக்கத்துல உக்காந்தவர் பீடி பத்த வச்சா முடிஞ்சது. ஆர்-134ஏ-க்கு செஞ்ச சிஸ்டத்துல அதைத் தவிர வேற எதுவும் வேணாம்.

கேள்வி: டிரைவர் கேபின்ல ஏசி கட்டாயம்னு சட்டம் வந்திருக்காமே, என் முதலாளி கிட்ட கேக்கலாமா?

கேளுங்க, ஆனா சட்டத்தைக் காட்டி கேக்க முடியாது. 2025 அக்டோபர் 1-ல இருந்து தயாரிக்கிற என்2, என்3 வண்டிகளுக்குத்தான் அது, அதாவது சரக்கோட சேர்த்து மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல இருக்கிற லாரிங்க. உங்க சின்ன வேன் அதுக்குள்ள வராது, பழைய வண்டிக்கும் பொருந்தாது. மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு முதலாளியை ஒரு டிரிப் கூட கூட்டிட்டுப் போங்க, அது சட்டத்தை விட வேகமா வேலை செய்யும்.

கேள்வி: பக்கத்து சீட்டு கால் மேல தண்ணி சொட்டுது. (திருநெல்வேலி)

கூலிங் காயில்ல சேர்ற தண்ணி வெளிய போற டிரெயின் பைப் அடைச்சிருக்கு. வண்டிக்கு அடியில அந்த ரப்பர் பைப் மூக்கைத் தேடி, மெல்லிசா வளையுற நைலான் கம்பியை உள்ள விட்டு மெதுவா குத்துங்க, சேறு மாதிரி கொழகொழன்னு வந்து அப்புறம் தண்ணி சர்ருன்னு கொட்டும், மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கோங்க. காத்துல ஈரத்துணி நாத்தம் வந்தாலும் காரணம் அங்க தேங்கின தண்ணிதான். ஆனா சொட்டுறது பச்சையாவோ சிவப்பாவோ, விரல்ல தொட்டா வழவழன்னு இருந்துச்சுன்னா அது ஏசி தண்ணி இல்ல, ஹீட்டர்ல இருந்து வர்ற கூலன்ட். அப்படின்னா ரேடியேட்டர் தண்ணி அளவைப் பாக்காம அன்னைக்கு லோடு ஏத்தாதீங்க.