ரைபிளுக்கு 75 டாலர் அனுப்புகைக் கட்டணமா?

ஓஹியோவிலிருந்து டெக்சாஸுக்கு வரவேண்டிய பழைய .22 அளவுத் தோட்டா ரைபிளுக்கு, ஏலத்தில் விற்றவர் 75 டாலர் அனுப்புகைக் கட்டணம் கேட்பது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். வேறு மாநிலத்தவருக்கு விற்கும் துப்பாக்கியை நேரே வீட்டுக்கு அனுப்ப அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடந்தருவதில்லை என்பதால், அது உங்கள் ஊரில் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம்தான் போய்ச் சேரும்; அவர் வாங்கும் கட்டணம் தனி. நீளமான அட்டைப்பெட்டி, காப்பீடு, பெறுபவரின் கையொப்பம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் இந்தத் தொகை எனக்குச் சற்று அதிகமாகவே படுகிறது. யூபிஎஸ் போன்ற தனியார் பார்சல் நிறுவனங்கள் உரிமமற்றவரிடமிருந்து துப்பாக்கியை ஏற்பதில்லை. ஆகவே விற்பவர் தம் ஊர் வணிகருக்குக் கூலி கொடுத்து அனுப்புகிறாரோ என்னவோ. ரைபிளை உரிமமற்றவரும் அரசு அஞ்சலில் உரிமம் பெற்ற வணிகருக்கு அனுப்பலாம் என்பதைச் சுட்டிக்காட்டி, அந்த அஞ்சல் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும்படி விற்பவரிடம் கேளுங்கள்.