வீணான அரை மணி நேரம்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஜூனில் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்கிறாள். புத்தகம் என்றாலே அவளுக்குப் பிடிப்பதில்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்ததும் படிக்க வைக்கலாம் என்றிருக்கிறேன். பத்துப் புத்தகங்கள் சொல்லுங்கள். ஆங்கிலம் வளரும்படி இருந்தால் நல்லது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் சுருக்கம் எழுதச் சொல்லி, அவள் அப்பா திருத்துவார். என் மாமனாருக்குச் சர்க்கரை நோயால் கண் மங்கிவிட்டது. தினமும் மாலையில் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டி அரை மணி நேரம் வீணாக்கிக்கொண்டிருந்தாள். பொங்கலோடு அதை நிறுத்திவிட்டேன். அவள் நாற்காலியையும் திண்ணையிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டேன்.
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: மாம்பழம் சந்தைக்கு வரும்போது இந்தக் கேள்வியும் எனக்கு வந்துவிடும். பத்துப் புத்தகம், ஆங்கிலம், சுருக்கம். வருடா வருடம் பட்டியல் கொடுத்திருக்கிறேன். அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தவர்கள் உண்டு. பிள்ளைகள் படித்தார்களா என்பது வேறு கதை. ஆகவே பட்டியல் பிறகு. முதலில் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு வருகிறேன்.

புத்தகம் என்றாலே பிடிக்காத பெண், தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். யாரும் மிரட்டவில்லை, மதிப்பெண்ணும் இல்லை. அதை நிறுத்தியது நீங்கள். நிறுத்திவிட்டு நான்கு மாதம் கழித்து, என் மகளை எப்படிப் படிக்க வைப்பது என்று எனக்கு எழுதுகிறீர்கள்! இதில் நான் யாருக்குப் புத்திமதி சொல்ல வேண்டும், அம்மா?

‘வீணாக்கி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மனதுக்குள் படிக்கிறவர்கள் தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போவார்கள். பெரியவர்களான நாமே அப்படித்தான். எதிரே ஒருவர் காது கொடுத்து உட்கார்ந்திருந்தால் தாண்ட முடியாது. சிறு வயதில் என் பாட்டிக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். விளையாடப் போகும் அவசரத்தில் நான்கு வரியை விழுங்கிவிடுவேன். “மாடு கன்று போட்டதா இல்லையா, அதை எழுதாமல் இருக்க மாட்டானே?” என்பார். திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவிதான். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் நீளமான பத்தி வரும்போது உங்கள் மகளுக்கு வேண்டியதும் அந்தப் பழக்கமே. எந்த டியூஷனிலும் அது கிடைக்காது.

அந்தப் பெரியவரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது கண் மங்கிவிட்டது என்பது மட்டும். பேப்பர் நின்ற பிறகு மாலையில் அவர் என்ன செய்கிறார்? வேலூர் ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறதே, அங்கே காட்டினீர்களா? சர்க்கரையால் வரும் கண் கோளாறை நாள் கடத்தக் கூடாது. வீட்டில் ஒரு பெரியவர் இருட்டில் உட்கார்ந்திருக்க, உள்ளறையில் பேத்தி இரண்டு பக்கச் சுருக்கம் எழுதினால் அந்தப் படிப்பு எனக்கு வேண்டாம். பழைய காலத்து மனுஷி என்று சொல்லுங்கள், கவலையில்லை.

இப்போது புத்தகம். முதலில் மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’. மு.வ. நம் வட ஆர்க்காட்டுக்காரர், திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்தவர். இந்த நாவல் 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கதை தொடங்குவது வாலாஜாப்பேட்டையில். கிராமத்திலிருந்து அங்கே படிக்க வரும் சந்திரன் அழகன், கெட்டிக்காரன். அவன் நண்பன் வேலு சுமாராகப் படிப்பவன். பிறகு யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் நாவல். உயர்நிலைப் பள்ளி வாசலில் நிற்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை. மு.வ. நடுநடுவே கதையை நிறுத்திவைத்து அறிவுரை சொல்வார். அங்கே அவள் கொட்டாவி விடுவாள், தாத்தா தலையாட்டுவார். இதை அவள் தனியாகப் படிக்க வேண்டாம், தாத்தாவுக்குப் படித்துக் காட்டட்டும். பாலாற்றில் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். புத்தகத்தில் இல்லாததை அவர் சொல்வார்.

ஆங்கிலம்தானே கேட்டீர்கள்? ஆர்.கே. நாராயணின் முதல் நாவல், ‘சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்’. 1935இல் வந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழ வேண்டியதில்லை. அதில் முன்கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில், காற்று வராத இருட்டு நடையில் தன் சாமான்களோடு ஒரு பாட்டி இருக்கிறார். தன் புது நண்பனின் பெருமையைப் பேரன் அவரிடம் அளக்கிறான்; அவர் தன் பழங்கதையைத் தொடங்கினால் அவனுக்குக் காதில் ஏறுவதில்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் மகளுக்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள்.

மூன்றாவது, பூமணியின் ‘வெக்கை’, 1982இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுப் பையன் வெட்டிவிட்டு, அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். ‘ஐயோ, கொலையா?’ என்பீர்கள். ‘அசுரன்’ படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே நாம்? அதன் மூலக்கதைதான் இது. அவளைத் தனியாகப் படிக்க விடுங்கள். என்ன புரிந்தது என்று குறுக்கு விசாரணை வேண்டாம்.

மூன்று போதும். பள்ளி திறப்பதற்குள் பத்து என்பது பந்தயம்.

விலைக்கு வாங்க வேண்டாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். கொடுத்த பணத்துக்குக் கிளை நூலகத்தில் அவள் பெயரில் ஓர் அட்டை எடுங்கள். அவளே போய்த் தேடட்டும்; நான் சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றைத் தூக்கி வந்தாலும் திட்டாதீர்கள்.

சுருக்கம் எழுதுவது கூடவே கூடாது. சிவப்பு மையில் திருத்தப்படும் கதையை எந்தக் குழந்தை இரண்டாவது முறை தொடும்? அவள் அப்பாவுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், மாலையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தன் தகப்பனார் பக்கத்தில் வந்து உட்காரட்டும். நீங்கள் முள்ளுக் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே கேட்கலாம். முதலில் பேப்பர், பிறகு பத்துப் பக்கம் நாவல்.

நான்கு மாதம் கழித்து மாமனாரிடம் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். நாளைக் காலை அந்த நாற்காலியைத் தூக்கித் திண்ணையில் போடுங்கள்.