கடைசி இடம், முதல் வாய்ப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீக்கில் (கையால் பந்தை ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்து), புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், கடைசி இடம் வந்த அணிக்குத்தான் முதல் ஆள். பிறகும் அதே அணிகள் வருடக்கணக்கில் தோற்பது ஏன்?

பதில்: முதல் இடத்தில் கிடைப்பது ஒரே ஒரு வீரர். அணியில் இருப்பது 53 பேர். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2016-ல் 16 ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது. 2017-ல் பதினாறும் தோல்வி. அடுத்தடுத்து இரண்டு டிராஃப்டிலும் முதல் வாய்ப்பு அவர்களுக்கே. 2017-ல் எடுத்த மைல்ஸ் கேரட் 2023-ன் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். 2018-ல் எடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) பேக்கர் மேஃபீல்டோ முதல் மூன்று சீசனில் நான்கு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டார். பயிற்சியாளர் மாறினால் ஆட்டத் திட்டமும் மாறும்; இளம் குவார்ட்டர்பேக் அதை முதலிலிருந்து படிக்க வேண்டும். 2022-ல் அவரை கரோலினாவுக்குக் கொடுத்தபோது கிளீவ்லாந்துக்குக் கிடைத்தது பின்வரிசை வாய்ப்பு ஒன்றுதான். ஆளை எடுப்பது ஒரு நாள் வேலை, வளர்ப்பதற்கு மூன்று நான்கு வருடமாவது நிலையான நிர்வாகம் வேண்டும்.

கேள்வி: முன்வரிசையில் எடுத்தால் சம்பளமும் எகிறுமே, கட்டுப்படியாகுமா?

பதில்: இப்போது ஆகும். 2010-ல் முதல் ஆளாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதி. 2011-ல் புதுமுகங்களுக்குச் சம்பள வரம்பு வந்தது. அந்த வருடம் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 2.2 கோடிதான். மிச்சப்படும் பணத்தில் அனுபவசாலிகளை வாங்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் ரவுண்டில், அதாவது 32 அணிகளுக்கான முதல் சுற்றில், வந்தவரை மட்டும் ஐந்தாம் வருடமும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. 32-வது இடத்துக்கும் 33-வது இடத்துக்கும் உண்மையான வித்தியாசம் அதுதான். பால்டிமோர் 2018-ல் 52-வது இடத்தோடு அடுத்த வருட இரண்டாம் ரவுண்டையும் விட்டுக்கொடுத்து, 32-ல் லாமர் ஜாக்சனை எடுத்தது. ஐந்தாம் வருடமும் அவர் அதே ஒப்பந்தத்தில் ஆடினார்.

கேள்வி: டிராஃப்டில் தன் பல வாய்ப்புகளை வேறு அணிக்குக் கொடுத்து, அதன் முன்னிடத்துக்கு ஏறுவது லாபமா?

பதில்: பெரும்பாலும் நஷ்டம். 1990-களில் டாலஸ் அணி உருவாக்கிய மதிப்புப் பட்டியலில் முதல் இடத்துக்கு 3000 புள்ளி, 16-க்கு 1000, 32-க்கு 590. அந்தக் கணக்குப்படி முதல் இடத்தில் வரும் ஒருவருக்காக முதல் ரவுண்டின் நடுவிலிருந்து மூன்று பேரை இழக்கிறீர்கள். அந்த ஒருவர் மூன்று பேர் அளவுக்கு ஆடுவது அபூர்வம். முழங்கால் போனாலோ மொத்தமும் போச்சு. சான் பிரான்சிஸ்கோ 2021-ல் மூன்று முதல் ரவுண்டு, ஒரு மூன்றாம் ரவுண்டு வாய்ப்புகளைக் கொடுத்து, மூன்றாவது இடத்தில் டிரே லான்ஸை எடுத்தது. 2023-ல் ஒரு நான்காம் ரவுண்டுக்கு அவரை விட்டுவிட்டது. 2024 பிப்ரவரியில் அவர்களை சூப்பர் பவுலில் (லீக்கின் இறுதி ஆட்டம்) நடத்தியவர் பிராக் பர்டி, 2022-ல் 262-வது, அதாவது கடைசி ஆள்! கான்சஸ் சிட்டி 2017-ல் 27-லிருந்து 10-க்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்ததும் உண்மை. ஆனால் அடுத்த வருடங்களிலிருந்து அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு முதல் ரவுண்டுதான். அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருடம் உட்காரவைத்துப் பழக்கவும் செய்தார்கள். குவார்ட்டர்பேக் தவிர வேறு யாருக்காகவும் அந்த ஒரு முதல் ரவுண்டு என்ற அளவைத் தாண்டக் கூடாது.

கேள்வி: இரண்டு அணிகள் ஒரே அளவு தோற்றிருந்தால்?

பதில்: யாருடைய எதிரணிகள் பலவீனமோ அவர்களுக்கு முன்னிடம். எளிய எதிரிகளிடமே தோற்றவர்கள்தானே!